பெயரில்லாத தீ

ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 1992-இல் எடுத்த 'இருளின் பாடங்கள்' ஒரு மணி நேரத்திற்கும் குறைவான ஆவணப்படம். 1991-இல் பின்வாங்கிய ஈராக்கியப் படைகள் கொளுத்திச் சென்ற அறுநூறுக்கும் மேற்பட்ட குவைத் எண்ணெய்க் கிணறுகளே அதன் களம்.

ஆனால் வருணனை எந்த நாட்டையும் பெயர்சொல்லிக் குறிப்பதில்லை. எல்லாம் ஏதோ ஒரு கோளத்தில் நடப்பதுபோல் காட்டப்படுகிறது. பாலைவனத்தில் எண்ணெய் ஏரியெனப் பளபளக்கிறது. வாக்னரின் இசை எழுகிறது. திருவெளிப்பாட்டின் வசனங்கள் இயக்குநரின் குரலிலேயே ஒலிக்கின்றன. (தொடக்கத்தில் பாஸ்கலின் கூற்றாகக் காட்டப்படுவதும் ஹெர்சாக் தாமே புனைந்ததுதான்!)

பேரழிவை அழகாக்கிவிட்டார் என்று பெர்லின் விழாவில் கண்டனம் எழுந்தது. அழகைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். புலம்பல் ஆகமமும் எபிரேய அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட செய்யுளே. ஆயினும் அது எருசலேமின் பெயரைச் சொல்லியன்றோ அழுகிறது! ஹெர்சாக்கிடம் குறைவது அதுவே.

இந்தத் தீ வானத்திலிருந்து விழுந்ததன்று. ஈரானோடு எட்டாண்டுகள் போரிட்டு, குவைத்திடமும் சவூதியிடமும் பெருங்கடன் பட்ட நாடு ஈராக். குவைத் அளவுமீறி எண்ணெய் இறைத்து விலையைச் சரிக்கிறது, ருமைலா வயலில் தன் எண்ணெயைத் திருடுகிறது என்று குற்றஞ்சாட்டி, 1990 ஆகஸ்ட் 2-இல் அது படையெடுத்தது. போர்ச்செலவால் வந்த கடன், கடனால் வந்த போர். எதிர்ப்போருக்கு அமெரிக்கா காட்டிய செலவு ஏறத்தாழ 6,100 கோடி டாலர். அதில் 5,400 கோடியளவு சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் ஈந்தவை. ஆம், இயக்குநரின் தாயகமும் அப்பட்டியலில் உண்டு. வேற்றுக் கோளமென்று அவர் காட்டிய நிலத்திற்கு அவர் நாட்டு மக்களின் வரிப்பணம் போயிருந்தது.

1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், படைச்செலவில் ஒரு பகுதியையேனும் ஏழை நாடுகளுக்கான உலக நிதிக்குத் திருப்புமாறு அரசுகளை வேண்டினார். 1967-இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் அதனை வலியுறுத்தினார். அவர் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை, வரவு செலவு ஏட்டில் ஓர் இடத்தையும் கேட்டார். ஹெர்சாக் அந்த ஏட்டைத் திறக்கவேயில்லை.

இவ்வளவு சொன்னபின்னும் படத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை. காரணம், நடுவில் வரும் இரு தாய்மார். அங்கே இசை பின்வாங்குகிறது. ஒருத்தி, தன் கண்முன்னே மக்கள் வதைக்கப்பட்டதைச் சொல்ல முயல்கிறாள், பேச்சு வரவில்லை. மற்றொருத்தியின் மடியில் ஒரு சிறுவன். இனிப் பேசக் கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மௌனமானவன் அவன். அவன் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.