கசிவும் கருத்தும்

பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ நூல்களில், ஊகம் நெடுங்காலம் உண்மையின் இருக்கையில் அமர்ந்திருந்ததுண்டு. கூடற்காலத்தே யோனியில் ஊறும் இயற்கை நீர்மை அதற்கொரு சான்று. டென்மார்க்கு நாட்டு உடற்கூற்றறிஞர் காஸ்பர் பார்த்தலின் 17-ஆம் நூற்றாண்டில் யோனி வாயிலின் இருமருங்கும் உள்ள சிறு சுரப்பிகளை விவரித்தார். அந்நீர் அவற்றிலிருந்தே வருகிறது என்று சிலரும், கருப்பைக் கழுத்திலிருந்து வருகிறது என்று சிலரும் எழுதினர். பின்வந்தோர் அதையே வழிமொழிந்தனர். நேரில் நோக்கிச் சொன்னவர் மிக அரியர்.

இந்நிலையை மாற்றியது, அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் ஆராய்ந்த டாக்டர் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சன் அம்மையாரும் 1966-இல் வெளியிட்ட ‘ஹியூமன் செக்சுவல் ரெஸ்பான்ஸ்’ என்னும் நூல். 382 பெண்டிரும் 312 ஆடவரும் அவர்தம் ஆராய்ச்சிக்கு இசைந்து வந்தனர். ஒளி ஊடுருவும் கருவியைக் கொண்டு யோனியின் உட்புறத்தையே அவர்கள் நோக்கினர். கிளர்ச்சி தோன்றிய 10 முதல் 30 நொடிகளுக்குள் உட்சுவரெங்கும் துளிகள் அரும்பி, ஒன்றோடொன்று கலந்து மென்படலமாய்ப் பரவக் கண்டனர். வியர்வை அரும்பிய நெற்றியை அதற்கு உவமை கூறினர். ஆனால் அங்கே வியர்வைச் சுரப்பி ஒன்றுமில்லை. சுவரைச் சூழ்ந்த நாளங்களில் குருதி பெருக, அதன் நீர்ப்பகுதி சுவரினூடே கசிகிறது. பார்த்தலின் சுரப்பிகள் தருவதோ காலந்தாழ்ந்து வரும் ஓரிரு துளிகளே. ஒரு பழங்கொள்கை இவ்வாறு நோக்கின் முன் வீழ்ந்தது. நூலின் நிலைத்த பெருமை இதுவே.

நடையைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் சொல்வதற்கில்லை. பிறர் பழிக்கு அஞ்சி, வேண்டுமென்றே கடினமாக எழுதப்பட்ட நூல் இது. ஒரு வாக்கியத்தை மும்முறை படித்தாலும் பொருள் நழுவும். இதனை விளக்க வேறிருவர் அதே ஆண்டில் தனியே ஒரு நூல் எழுத வேண்டியதாயிற்று! மூலநூலுக்கு முன்னே உரைநூல் தேடும் நிலை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஆயினும், பொதுமக்கள் இதனை வாங்கிக் குவித்தனர் என்பது அறியாமை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நூலின் பெருங்குறை வேறு. இந்நீர்மையை ஆடவனின் குறி விறைப்புக்கு நேரானதென வைத்து, கிளர்ச்சியின் முதல் அடையாளம் என ஆசிரியர்கள் கூறினர். கண்டது உடலின் செயலை. அதனை உள்ளத்தின் மொழியாகக் கொண்டது அவர்தம் துணிபு. தொல்காப்பியர் நெற்றி வியர்த்தலை மெய்ப்பாடாகக் கூறினாரே எனலாம். அவரும் அதனைத் தனியே நிறுத்தினாரல்லர். பார்வையையும் மறைத்த நகையையும் உடன்வைத்து நான்கனுள் ஒன்றாகவே எண்ணினார். கனடாவின் மெரிடித் சிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் பிறரும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து அளந்தனர். குறியின் எழுச்சிக்கும் தாமே உணர்ந்து கூறிய கிளர்ச்சிக்குமுள்ள இணக்கம் ஆடவரிடம் 0.66; பெண்டிரிடம் 0.26. விருப்பமிருந்தும் நீர் ஊறாதிருக்கலாம், விருப்பமின்றியும் ஊறலாம். இதை அறியாத கணவன், “உனக்கு அன்பில்லை” என்று மனைவியை நோகச் செய்கிறான். வன்செயலுக்கு ஆளான பெண்ணை, “உன் உடல் இசைந்ததே” என்று கேட்பவனோ கொடியவன். அவள் வாய்ச்சொல்லுக்கு மேல் அவள் உடலைச் சாட்சியாக ஏற்றுதல் அறிவியலுமன்று, அறமுமன்று.

இன்னுமொன்று. ஆராய்ச்சிக்கு வந்த பெண்டிர் உச்சநிலை எய்தும் இயல்புடையரெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரைக் கொண்டு பெண்குலத்துக்கே இலக்கணம் வகுத்ததை லியோனோர் டீஃபர் என்னும் உளவியலறிஞர் 1991-இல் கண்டித்தார். அக்கண்டனம் முற்றும் தக்கதே.

நூலில் மிகச் சிறந்த பக்கங்கள் முதுமையைப் பற்றியவை. 41 முதல் 78 அகவை வரையிலான 61 பெண்டிரை நோக்கினர். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, சுவர் மெலிகிறது. நீர் ஊறச் சில நிமிடங்கள்கூட ஆகின்றன. ஆயினும் 60 கடந்த மூவரிடம் இளையோரைப் போலவே விரைந்து ஊறக் கண்டு பதிந்துள்ளனர். பாலூட்டும் தாயர்க்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவால் இவ்வறட்சி உண்டு. ஒவ்வாமைக்கு உண்ணும் சில மாத்திரைகளாலும் நேரும். நீர்த்தன்மையுள்ள உயவுப் பொருளும், மருத்துவர் தரும் ஈஸ்ட்ரோஜன் பூச்சும் பயன் தருபவை. அப்படியிருக்க, எத்தனையோ தாய்மார் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, அதனை வயதின் விதியென்று வாய்மூடியிருக்கின்றனர்.

அவர்கள் வாய்மூடக் காரணம் பெயரும் ஆகலாம். மருத்துவ உலகம் நெடுநாள் இதனை ‘தேய்வு’ எனப் பொருள்படும் சொல்லால் வழங்கியது. அது இழிவாக ஒலிக்கிறதென்றும், சிறுநீர்த் தொல்லைகளை உள்ளடக்கவில்லையென்றும் கருதி, 2014-இல் அறிஞர் கழகங்கள் இரண்டு மாதவிடாய் நிறைவோடு வரும் பிறப்புறுப்பு, சிறுநீர்க்குறிகளின் தொகுதி எனப் பெயர் மாற்றின. நம் கலைச்சொல் தொகுப்போர் இன்னும் ‘யோனி வறட்சி’ என்றே எழுதுகின்றனர். வறண்ட நிலத்தைப் பழிக்கும் உழவர் வழக்கு அச்சொல்லுள் ஒளிந்திருக்கிறது. ‘நீர்மைக் குறைவு’ என எழுதினால் பொருளும் கெடாது. கிழவியும் மருத்துவரிடம் கூசாமல் சொல்வாள்.