கிளேஸ் சோதனை: வில்லையின் வலிமையும் எல்லையும்

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியே உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மட்பாண்டக் கலை அந்தப் பகுதியில் வேரூன்றியது. அங்கும் சரி, வேறெந்த நாட்டுப் பட்டறையிலும் சரி, புதிய கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிப் படலமாகும் பூச்சு, பாத்திரத்துக்குப் போகுமுன் சிறு களிமண் வில்லையில் பூசிச் சுட்டுப் பார்ப்பது வழக்கம். இந்தச் சோதனை கலவையைத் துல்லியமாக எடைபோடுகிறது. பூசும் கையை எடைபோடுவதில்லை. நிறம் தரும் உலோக ஆக்சைடைக் கிளேஸின் மேல் தெளிக்கும் வேலையில் இந்தக் குறை பெரிதாகிறது.

வில்லையின் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது. ஒரே கிளேஸில் கோபால்ட் ஆக்சைடைக் கால், அரை, ஒரு சதவீதம் என ஏற்றிச் சுட்டால் நீலம் ஆழமாகும் இடம் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியரான இயன் கரி வகுத்த முறை இன்னும் செறிவானது. நான்கு மூலைக் கலவைகளிலிருந்து 35 கட்டங்கள் பிறக்கின்றன. ஒரு திசையில் சிலிக்காவும் மறு திசையில் அலுமினாவும் ஏறுகின்றன. எது பளபளக்கும், எது மங்கும், எது உருகாது என்பது ஒரே சூளையில் கண்ணெதிரே விரியும். அனுமானத்தை அறிவாக மாற்றும் முறை இது.

ஆனால் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்ததும் இந்தத் தெளிவு குலைகிறது. தெளித்த ஆக்சைடின் அளவைச் செய்முறைத் தாள் சொல்லாது. தூரம், காற்றழுத்தம், எத்தனை முறை கை போய்வந்தது, ஆக்சைடு அடியில் படியாமல் கலக்கப்பட்டதா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. செம்பு, கோபால்ட், மாங்கனீசு ஆகியவை நிறம் தருவதோடு நிற்பதில்லை. கிளேஸை இளக்கவும் செய்கின்றன. படுக்கவைத்த வில்லையில் அழகாகத் தேங்கிய அதே பூச்சு, ஜாடியின் தோளிலிருந்து வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியின் அடிப்பக்கமோ தெளிப்பே படாமல் வெறுமையாக நிற்கும்.

அண்டைப் பாத்திரங்களின் தாக்கத்தையும் தனி வில்லை காட்டாது. குரோமியம் ஆவியாகிப் பக்கத்து வெள்ளீயக் கிளேஸில் இளஞ்சிவப்பைப் படரவிடும். கிளேஸும் களிமண்ணும் ஒத்துச் சுருங்காததால் வரும் மயிரிழை விரிசல், சூளை திறந்து மாதங்கள் கழித்தும் தோன்றலாம்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது உணவுப் பாத்திரம். நிறம் பிடித்துவிட்டது என்பதாலேயே ஒரு கிளேஸ் தேறியதாகிவிடாது. ஈயமும் காட்மியமும் கசிகின்றனவா என அறிய, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் பாத்திரத்தில் ஊற்றிவைத்து ஆய்வகத்தில் அளக்கிறார்கள். மேலே தெளித்த செம்பும் மாங்கனீசும், கண்ணாடிப் படலத்தில் முழுதாகக் கரையாவிட்டால், புளிக்குழம்பிலும் ரசத்திலும் இறங்கக்கூடும். அவற்றையும் அளக்கச் சொல்லிக் கேட்பது குயவரின் பொறுப்பு.

வில்லையைக் கைவிட வேண்டியதில்லை. அதன் வடிவத்தையும் குறிப்பேட்டையும் மாற்றினால் போதும். வில்லை செங்குத்தாக நிற்கட்டும், அதில் வளைவும் விளிம்பும் இருக்கட்டும். ஒருமுறை, இருமுறை, மும்முறை தெளித்த பட்டைகள் தனித்தனியே தெரியட்டும். தூரமும் கலவையின் அடர்த்தியும் சூளையில் வைத்த இடமும் பதிவாகட்டும். தெளிக்கும் பெட்டியும் சுவாசக் கவசமும் சோதனை நாளிலும் கட்டாயம். மாங்கனீசுத் தூசி நரம்புகளைத் தாக்கும். சாப்பிடும் தட்டுக்கு ஆய்வக முடிவு வரும்வரை அந்தக் கிளேஸ் பூச்சாடிகளோடு நிற்கட்டும். அழகை நம்பி வாங்குபவருக்கு இந்த உறுதியைத் தரும்போதுதான் சோதனை முழுமையடைகிறது.