பண்டிகைக் காசும் பெரியவர்கள் மறைக்கும் கணக்கும்

பண்டிகைகளே பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமையைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பொங்கலில் உழைப்பின் பலன், ஆயுத பூஜையில் பொட்டு வைத்த கணக்குப் புத்தகம், தீபாவளிக்குச் சீட்டு என்று உதாரணமும் தயாராக இருக்கிறது. இந்த நம்பிக்கையை நெல்லிக்குப்பத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம். 1842-இலிருந்து சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் இது. இங்கே கரும்பு பூஜைப் பொருள் மட்டுமல்ல, வருமானமும்கூட.

முதலில் பொங்கல் காசு. காணும் பொங்கலன்று தாத்தா, மாமா, சித்தப்பா காலில் விழுந்து வாங்கிய நோட்டுகள் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் கரைந்துவிடும். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்க, மணலெங்கும் கடைகள்: சுருளிக்கிழங்கு, சிறுவள்ளிக்கிழங்கு, வளையல், ராட்டினம். இதை ஊதாரித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கையில் இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு, ராட்டினத்தில் இரண்டாவது முறை ஏறுவதா, தங்கைக்கு வளையல் வாங்குவதா என்று தவிக்கும் பத்து வயதுப் பிள்ளை உண்மையிலேயே ஒன்றைக் கற்கிறது. ஆனால் பதினாறு வயதுக்கு அது போதாது. அந்த வயதுக்குத் தெரிய வேண்டியவை வட்டி, கடன், ஏமாற்று.

அதற்குத் தீபாவளிச் சீட்டைவிட நல்ல பாடம் கிடையாது. மாதம் 500 ரூபாய், 12 மாதம், மொத்தம் 6,000. தீபாவளிக்கு 8,000 ரூபாய்க்குப் பலகாரச் சாமானும் பட்டாசும் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை 12 மாதம் அவரிடம் இருக்கும், கடைசித் தவணை ஒரே மாதம்தான். சராசரி ஆறரை மாதம். அப்படியானால் அந்த 2,000 ரூபாய் லாபம் ஆண்டுக்குச் சுமார் 61.5 சதவீத வட்டிக்குச் சமம். 6 சதவீத வட்டி தரும் வங்கித் தொடர் வைப்பில் இதே தவணைக்குச் சுமார் 200 ரூபாய்தான் கிடைக்கும். மீதியை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? பத்தாம் வகுப்புக் கணக்கே இந்தக் கேள்விக்குப் போதும். சீட்டுகளைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 1982-லேயே வந்துவிட்டது. வைப்பீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாடு 1997-இல் தனிச் சட்டமே போட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சீட்டு அட்டையோடு பணத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவதுதான் பிள்ளையின் வேலை. கணக்குப் போட்டுப் பார்க்கும்படி யாரும் சொல்வதில்லை.

பண்டிகையின் பெரிய குறையே இந்த மறைப்புதான். புதுத்துணி பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். அதற்காக அடகுக்குப் போன கம்மலும் அம்மா வாங்கிய குழுக் கடனும் தெரியாது. அடுப்புப் பக்கத்தில் சாத்தி வைத்த பன்னீர்க் கரும்பு தெரியும். ஆலைக்கு அனுப்பிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்ற 1966-ஆம் ஆண்டு ஆணை தெரியாது. நல்ல நாளும் அதுவுமாகக் கடனைப் பேசாதே என்பது நம் வீடுகளின் எழுதாத சட்டம். அதன் பின்னால் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாசத்தில் வளர்ந்த பையன்தான் இருபது வயதில் கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கிவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறான்.

அட்சய திருதியை இன்னும் மோசம். தங்க நகையின் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கழித்தால் அன்றே விற்றாலும் நஷ்டம் என்பதைச் சொல்லாமல், வாங்கினால் பெருகும் என்று மட்டும் சொல்லும் நாள் அது. அதைப் பணப்பாடம் என்று என்னால் ஏற்கவே முடியாது.

என் கணிப்பில் தேறுவது விநாயகர் சதுர்த்தி மட்டுமே. பதின்வயதினர் தாங்களே பணத்தைக் கையாளும் பண்டிகை அதுதான். தெருப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறார்கள், சிலைக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், மைக்செட்டுக்கும் வண்டிக்கும் பேரம் பேசுகிறார்கள். வரவு, செலவு, பற்றாக்குறை மூன்றும் அவர்கள் தலையில்தான். அதிலும் ஓட்டைகள் உண்டு: பெண் பிள்ளைகளை அந்தக் குழுவில் சேர்ப்பதில்லை, சிலையைக் கரைத்த பிறகு ரசீதின் அடிக்கட்டையைப் பெரியவர்கள் யாரும் கேட்பதில்லை. ஊர்க் கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி வசூலித்தவரைக் கூட்டம் போட்டுக் கணக்குக் கேட்கும் அதே பெரியவர்கள், பையன்களிடம் மட்டும் விட்டுவிடுகிறார்கள். சதுர்த்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வசூலும் செலவும் எழுதிய தாளைத் தெருமுனையில் ஒட்டச் சொல்ல வேண்டும். அந்த ரசீதுப் புத்தகம் ஒரு பெண் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் நடக்கும் தெருவில்தான், பண்டிகை பணத்தைக் கற்றுத்தருகிறது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வேன்.