இரண்டு திருநெல்வேலி, ஒரு வாடகை வீடு

தாமிரபரணிக் கரையில் ஒரு திருநெல்வேலி. யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியை ஒட்டி இன்னொன்று. இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியும் வெளியூர்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகின்றன. அங்கே அந்த வேலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் செய்கிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது அது. படிப்பு முடிந்து முதல் வேலையில் சேர்ந்து, விடுதியை விட்டு வெளியேறித் தனக்கென்று ஒரு கதவு தேடும் இளைஞர் இரண்டு ஊரிலும் உண்டு. அவருக்கு முன்னால் ஒரு புரோக்கரும் உண்டு.

நம்மூரில் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ கேட்டில் தொங்கும் ‘வீடு வாடகைக்கு’ அட்டையைப் பார்த்து எண்ணை அழுத்தினால், பாதி நேரம் எடுப்பவர் வீட்டுக்காரர் இல்லை. “மாடிப் போர்ஷன் தம்பி. ரெண்டு ரூம், தனி மீட்டர். அட்வான்ஸ் பேசிக்கிடலாம். எனக்கு ஒரு மாச வாடகை தந்திருங்க.” கறார் பேச்சு இவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான நேர்காணல். “சொந்த ஊரு எது?” சொன்னதும், “அங்க எந்தத் தெரு?” ஊரைக் கேட்பது உபசாரம், தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. கறி சமைப்பீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். முஸ்லிம் பெயரென்றால் பல இடங்களில் தெருவரைகூடப் போவதில்லை. “இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு” என்று போன் வைக்கப்படும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இதே விசாரணை “தம்பி எவ்விடம்?” என்று தொடங்கும். ஆனால் கேட்பவர் வேறு ஆள். பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றிப் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். சாவி பெரியம்மாவிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ இருக்கும். பத்திரிகை விளம்பரமும் இக்மன் விளம்பரத் தளமும் இருந்தாலும், வாடகைக்கு வருபவர் முதலில் மனம் கவர வேண்டியது சாவி வைத்திருப்பவரைத்தான். அவர் திருப்தியடைந்தால் இரவு கனடாவுக்கு ஒரு வாட்ஸப் அழைப்பு, அதோடு முடிந்தது. வீட்டோடு ஒட்டித் தனி வாசல் வைத்த ‘அனெக்ஸ்’ என்றால் சொந்தக்காரரே பக்கத்தில் இருப்பார், கேள்விகள் இன்னும் கூடும். இடையில் தரகர் இருந்தால், அவர் கொமிஷன் வாங்குவது சுவருக்கும் கூரைக்கும் இல்லை, “இவர் நமக்குத் தெரிஞ்ச ஆள்” என்று சொல்வதற்கு. இரண்டு ஊரிலும் அவர் விற்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊரும் வேறு வேறு. நெல்லைக்காரர் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். ஆற்றுத் தண்ணியா, போர் தண்ணியா என்று நாக்கு சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, அடியில் சுண்ணாம்புக்கல். கிணறு தனியா பொதுவா என்பது முதல் கேள்வி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரத்துக்குப் பிறகு, தண்ணீரை முகர்ந்தும் பார்க்கிறார்கள். நம்மூரில் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கேள்வி கூடியிருக்கிறது: “அன்னைக்குத் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைத் தாழ்வுப் பகுதிகளில் தரைத்தள வீடு பார்ப்பவர் இதைப் புரோக்கரிடம் கேட்கக் கூடாது. எதிர்க்கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

பிறகு காகிதம். ஏன் எல்லோரும் பதினோரு மாதத்துக்கே எழுதுகிறார்கள் என்று முதல் வீடு எடுப்பவர் கேட்பார்; புரோக்கர் “அதுதான் வழக்கம்” என்பார். காரணம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் சார்பதிவாளர் அலுவலக நடையையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதுகிறோம். இலங்கையில் கோடு இன்னும் கீழே கிடக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றாலே நொத்தாரிசு (நோட்டரி) முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். ஆகவே அங்கே வழி இரண்டு. மாதாமாதம் வாய்ப்பேச்சில் இருப்பது ஒன்று. நொத்தாரிசிடம் போய் ஓராண்டு, இரண்டாண்டுக்கு எழுதி, பல நேரம் அந்தக் காலத்து வாடகை முழுவதையும் முன்கூட்டியே எண்ணி வைப்பது மற்றது. நம்மூர் அரைகுறைப் பத்திரத்துக்கு அங்கே இடமில்லை.

வீட்டுக்காரரின் பயமும் சட்டத்திலிருந்து வந்ததுதான். இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் குடியிருப்பவரை எழுப்புவது பெரும்பாடு. அவர் இறந்தாலும் உரிமை குடும்பத்தாருக்குப் போகலாம். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்ற வாசல் வழியாகத்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் உள்ளே நுழைகின்றன. வாடகைப் புரோக்கரையோ யாரும் கட்டுப்படுத்துவதில்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதிய வேண்டிய முகவர், விற்பனைக்கு இடைநிற்பவர் மட்டுமே.

அட்வான்ஸ் பேச்சு நீண்டால் புரோக்கர் மெல்ல ஒத்தியை எடுப்பார். “மாச வாடகையே வேண்டாம் தம்பி. மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மூணு வருஷம் இருங்க. போகையில அப்படியே வாங்கிக்கிடுங்க.” கேட்க இனிக்கும். கையில் பாட்டி நகை விற்ற பணமோ வெளிநாட்டு அண்ணன் அனுப்பியதோ இருந்தால் இன்னும் இனிக்கும். நெல்லையில் ஒத்தி வீடு என்பது பழகிப்போன ஏற்பாடு; நானும் அதைக் குறைசொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி இது அனுபோக அடமானம். தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ போனாலே பதிவு செய்த பத்திரம் வேண்டும். நூறு ரூபாய்! லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, பதியாத முத்திரைத் தாளை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காதவர்களும் அவர்கள்தான். புரோக்கருக்கோ ஒத்தியில் கமிஷன் தொகையின் மேல் விழுகிறது. அவர் அதைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை.

இதே ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் அவர்களின் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்ட வலுக் கொடுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையில் ஒற்றி உண்டு. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதில் நிலத்தை அனுபவிப்பார். ஆனால் அது பெரும்பாலும் வயலுக்கும் தோட்டத்துக்குமான வழக்கம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை தேடும் இளைஞரிடம் யாரும் ஒற்றி பேச வருவதில்லை. மண்ணுக்கு இருந்ததை நெல்லை மாடிப் போர்ஷனுக்கு ஏற்றிக்கொண்டது. யாழ்ப்பாணம் மண்ணோடேயே வைத்துக்கொண்டது.

காலி செய்யும் நாளில் புரோக்கர் இருக்க மாட்டார். அவர் வேலை பால் காய்ச்சிய அன்றே முடிந்தது. பெயிண்டுக்கு ஒரு மாதம், உடைந்த குழாய்க்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் தேய்வது நெல்லை வழக்கம். ஒப்பந்தத்தைப் பதிந்து வைத்தவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். பதியாதவர் தெரு முக்கில் பஞ்சாயத்துப் பேசுவார். யாழ்ப்பாணத்தில் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆனால் மறுதரப்பு ரொறன்ரோவில் இருக்கிறது. சாவி வைத்திருந்த பெரியம்மாவோ, “காசு தம்பியின்ர கணக்குக்குத்தானே போனது, என்னை ஏன் கேக்கிறியள்?” என்பார்.