செல்லாத நோட்டும் சாத்திய கதவும்

2021 அக்டோபரில் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு முதியவர் மனுவோடு வந்தார். கண்பார்வை இல்லாதவர். பிச்சையெடுத்துச் சேர்த்த 65,000 ரூபாயை மாற்றித் தரக் கேட்டார். எல்லாம் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள். அவை செல்லாது என்று அறிவித்து அப்போதே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வருவதற்கு ஈராண்டு முன்பு திருப்பூர் மாவட்டத்தில் மூதாட்டிகளான அக்காவும் தங்கையும் இதேபோல 46,000 ரூபாயோடு நின்றார்கள்.

2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். சித்தேரி, வத்தல்மலை ஊர்களிலும் பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும் புளி விற்ற காசையும் கூலிக்காசையும் துணியில் முடிந்து பெட்டியடியில் வைப்பது பழைய வழக்கம். பணத்தை மறைத்து வைக்கிற வழக்கம் அல்ல இது, சிதறாமல் காத்துக்கொள்கிற வழக்கம்.

இந்தியாவில் பெரிய நோட்டை ஒழிப்பது மும்முறை நடந்தது. 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் போயின. 1954இல் 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகள் புதிதாக வந்தன. அந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. ஐயாயிரத்தில் மும்பையின் இந்தியா வாசல், பத்தாயிரத்தில் அசோகரின் சிங்கத் தூண். தமிழ்நாட்டுக் கோபுரம் ஒன்று நாட்டின் பெரிய நோட்டில் ஏறியது நமக்குப் பெருமைதான். ஆனால் அன்றைய தருமபுரி உழவர்களில் எத்தனை பேர் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்? 1978 ஜனவரி 16இல் மொரார்ஜி தேசாய் அரசு மூன்றையும் செல்லாததாக்கியபோது சந்தை தன் பாட்டுக்குக் கூடியது, கலைந்தது. 2016 நவம்பர் 8 அப்படியல்ல. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் ஒரே இரவில் முடங்கியது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியும் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியும் ரொக்கத்தில் ஓடுகிற இடங்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கை இதைச் செய்தது 1970இல். நிதியமைச்சர் என்.எம். பெரேரா, கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவர 50, 100 ரூபாய் நாணயத்தாள்களை ஒழித்தார். அக்டோபர் 26க்கு முந்தைய தேதியிட்ட தாள்களை நவம்பர் 3க்குள் வங்கியில் செலுத்த வேண்டும் என்பது கட்டளை. அன்றைக்கு அங்கே நூறு ரூபாய்தான் பெரிய தாள். ஆனாலும் எளியவர் கைக்கு எட்டாத தாள் அல்ல. அவகாசமும் நம்முடைய 2016ஐவிடக் குறைவு. அதனால் இலங்கை இரக்கம் காட்டியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு அங்கே பெரிய தாள் எதையும் இப்படி இரவோடிரவாக ஒழிக்கவில்லை. பறவையும் பட்டாம்பூச்சியும் மீனுமாக 1979 தொடர் வந்தது; 2011இல் 5000 ரூபாய்த் தாளோடு நடனக் கலைஞர்கள் தொடர் வந்தது. புதியது வந்ததும் பழையதைத் தூக்கியெறியாமல் இரண்டையும் சேர்த்தே புழங்கவிட்டார்கள்.

தாளின் வடிவமைப்பும் இதில் உதவியது. இலங்கைத் தாளில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் அச்சிடப்பட்டிருந்தன. எது செல்லும், எது செல்லாது என்று தேதியைப் பார்த்தே பிரித்துவிடலாம். தமிழும் அந்தத் தாளில் தெளிவாக இருந்தது. இங்கோ 2005 வரை நோட்டில் ஆண்டே கிடையாது. 2014இல் ரிசர்வ் வங்கி 2005க்கு முந்தைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றபோது, நோட்டைப் புரட்டி அடியில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள் என்றது. எழுத்துக்கூட்டவும் தெரியாதவர் எதைப் பார்ப்பார்? பார்வையற்றவர்கள் நோட்டின் நீளத்தை விரலால் அளந்து மதிப்பை அறிவார்கள். இலங்கையின் 2011 தொடரில் மதிப்பு ஏற ஏற நீளம் ஐந்து மில்லிமீட்டர் கூடும். இந்தியாவில் 2016இல் 500 ரூபாயின் நீளம் 167 மில்லிமீட்டரிலிருந்து 150ஆகச் சுருங்கியது. பல ஆண்டு விரலில் படிந்த அறிவை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

தருமபுரியில் இந்த ஒப்பீட்டுக்குத் தனிக் கனம் உண்டு. நாகாவதி, தொப்பையாறு அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1990இல் படகேறியவர் மடியில் கொண்டுவந்த 1979 தொடர்த் தாளை அந்த நாட்டுச் சட்டம் செல்லாததாக்கவில்லை. அதே மனிதர் இங்கே கூலி வேலை செய்து சேர்த்த 500 ரூபாய், 2016 டிசம்பர் 30க்குள் வங்கிக்குப் போகாவிட்டால் வெறும் தாள்.

வெறும் தாளோடும் அது நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துக்கு மேல் பழைய நோட்டு வைத்திருப்பதே குற்றம். ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. கிருஷ்ணகிரி முதியவரிடம் இருந்தவை 65 நோட்டுக்குக் குறையாது. சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டால், பிச்சையெடுத்த காசுக்காக அவர் 3,25,000 ரூபாய் கட்ட வேண்டும்! ஒழித்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டன என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கறுப்புப் பணம் வைத்திருந்தவர்களும் வழி கண்டார்கள்; தவறவிட்டது இத்தகையவர்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்து வங்கி தன் பழைய நோட்டுக்கு எப்போது வந்தாலும் பணம் தருகிறது. ஜெர்மனியின் மத்திய வங்கி, யூரோ வந்த பிறகும் பழைய மார்க்கைக் கெடுவின்றி மாற்றித் தருகிறது. நம் ரிசர்வ் வங்கியே 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது பொறுமையாக நடந்துகொண்டது. நோட்டு செல்லாது என்று சொல்லவில்லை. வங்கிகளில் மாற்றும் கெடு அக்டோபர் 7இல் முடிந்த பிறகும், சென்னை, பெங்களூரு உள்ளிட்ட 19 அலுவலகங்களில் ஏற்றுக்கொண்டது. அஞ்சலில் அனுப்பினால் கணக்கில் வரவு வைத்தது.

2016இன் நோட்டுகளுக்கும் அந்த அஞ்சல் வழியைத் திறக்கச் சட்டத்திருத்தம் வேண்டும். ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என வரம்பு வைக்கலாம். வயது, ஊனம், வருமானம் பற்றிக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கலாம். அதை வட்டாட்சியர் சரிபார்த்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்பலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலேயே இந்த மனுக்களை வாங்கிக்கொள்ள முடியும்.