மலைபடுகடாமும் வத்தல்மலைப் பாதையும்

பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடியாக நீண்ட பாட்டு மலைபடுகடாம். 583 அடிகள் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னனைப் பாடியது. வகுப்பறைகளில் இப்பாட்டு பெரும்பாலும் அதன் பெயருக்காகவே நினைக்கப்படுகிறது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை மதமாகவும் உருவகித்த அழகைச் சொல்லிவிட்டு, 'கூத்தராற்றுப்படை' என்பது இதன் மறுபெயர் என்று குறித்துக்கொண்டு ஆசிரியர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். நமக்கு அது போதவில்லை. நெடுவழியொன்றைப் பகல் பகலாக நடந்து கடப்பவருக்கென எழுந்த பாட்டு இது. அந்த நோக்கிலேயே இதனை எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து.

அவ்வாறு எடைபோட ஓர் உரைகல் வேண்டும். நன்னனின் செங்கண்மா, இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். அதற்கு மேற்கே, அதியமானின் தகடூராகிய தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வத்தல்மலை மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பெரியூர், பால்சிலம்பு போன்ற சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். (பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் என எண்ணிவிடலாகாது, மலையை ஆள்வோர் என்பதே சொல்லின் பொருள். தாய்மொழி தமிழ்.) கொண்டை ஊசி வளைவுகளுடன் தார்ச்சாலை 2010-களில்தான் மேலேறியது. அதுவரை உப்பும் சீமெண்ணெயும் மேலே போனதும், நோயாளியும் பேறுகாலப் பெண்ணும் கீழே வந்ததும் ஒற்றையடிப் பாதை வழியாகத்தான். பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு பருவங்களில் இம்மலையில் பகற்பொழுதுகளில் நடந்து பார்த்தோம்.

பாட்டின் முதற்பெருமை அதன் நேர்மை. வழி எளிது என்று அது எங்கும் ஏமாற்றுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் பாதையில் கிடக்கும். ஆகையால் இருளில் போகாதீர்கள், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண் எறிவார்கள். அக்கல் மரக்கிளைகளைத் தாக்கி விரைந்து வரும், மரத்தின் பின் ஒதுங்குங்கள் என்கிறது. வழுக்கும் கரைகளில் எதைப் பற்றிக்கொண்டு இறங்குவது, பாம்பு உறையும் குழிகளை எப்படிக் கடப்பது, இரவில் எந்தக் குகையில் சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து தங்குவது என்றெல்லாம் சொல்கிறது. நடந்தவர் சொன்னாலொழிய இவை கிடைக்கா. கவிதைக்கு இவ்வளவு நடைமுறை எதற்கு என்று முகம் சுளிப்போர் உண்டு. காலடியில் கல் உருண்டு ஒரு முறையேனும் விழுந்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

திருப்பாடல்கள் நூலில் 120 முதல் 134 வரையுள்ள சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்களை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. அங்கே பயணி மலையை நோக்கிக் கண்களை உயர்த்துகிறார். கால் இடறாதபடி காப்பவர் ஆண்டவர் என்று துணிகிறார். கௌசிகனாரோ கண்ணைத் தரையை விட்டு எடுக்கவிடுவதில்லை. இரண்டும் நடப்பவருக்குத் தேவைதான். எனினும் ஈரமான பாறையில் நின்றபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் கௌசிகனாரே என்பதை வாசகர்கள் பொறுத்தருள்க.

பாட்டில் நாம் மிக உயர்வாக மதிக்கும் இடங்கள் இரண்டு. கிளைவழிகள் பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் மயங்காதிருக்க, தடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் புலவர். பரிசில் தேடிப் போகும் வறியவனுக்கு, தன்னைப் போன்ற இன்னொரு வறியவனுக்காக நின்று குனியும் கடமையும் உண்டு. மற்றொன்று, மலையில் பிறந்த குறவரே திசைமயங்கும் இடம். அங்கே அலைந்து திரியாதீர்கள். அகன்ற பாறையில் ஒன்றுகூடி உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர் என்கிறார். தனித்திறமையால் மலையை வெல்லும் பேச்சே இல்லை. உள்ளூரார் வராவிட்டால் வழியும் இல்லை.

இனி, குறை. கௌசிகனாரின் மலை ஒரே பருவத்து மலை. மழை தவறாது பெய்திருக்கிறது. எள்ளும் தினையும் அவரையும் வரகும் ஒருங்கே விளைந்திருக்கின்றன. ஆகவே வழிநெடுக எந்தக் குடிலிலும் சோறு உண்டு, இறைச்சி உண்டு, தேறல் உண்டு. உறவினரைப்போல் உள்ளே நுழையுங்கள் என்று கூத்தனிடம் சொல்ல முடிகிறது. வத்தல்மலையில் ஐப்பசியில் நடந்தால் இது முழுதும் மெய் என்றே தோன்றும். சாமைக் கதிர் முற்றியிருக்கும். ஓடைகளில் நீர் இருக்கும். மார்கழியிலும் குறையில்லை. பனி விலக விலகக் காப்பிச் செடிகளில் பழம் சிவந்து தெரியும். மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பங்குனியில் அதே பாதை வேறு. சரிவுகளில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன. சருகு கணுக்கால் வரை. கார்காலத்தில் சலசலத்த ஓடை வெறும் கற்குவியல். சாமை அறுத்த பிறகு வந்தால் சோறாக்கிப் போடலாம், இப்போது தண்ணீர்தான் தரமுடியும், அதுவும் தொலைவிலிருந்து சுமந்தது என்று மூதாட்டி ஒருவர் கூச்சத்தோடு சொன்னார். அந்தக் கூச்சத்திற்குப் பாட்டில் இடமில்லை. விருந்தோம்பல் குறவரின் இயல்பு என்று புலவர் காட்டுவது உண்மையே. அதற்கு விளைச்சல் வேண்டும் என்பதையும், விளையாத மாதங்களில் அவ்வியல்பு அவர்களுக்கு எவ்வளவு வேதனை தரும் என்பதையும் அவர் காட்டவில்லை. ஆற்றுப்படையின் நோக்கம் வேறு, பரிசில் தேடுவோனை ஊக்குவதே அது என்று விடை சொல்லலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பன்றிப்பொறியை மறைக்காத புலவர் பசி மாதத்தை மறைத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பருவத்தை மட்டும் அறிவது ஏட்டுப் பிழையாக மட்டும் நிற்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்றிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளையோர். மாசி கடைசியில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்பது அம்மலைகளில் வாழ்வோருக்குத் தெரிந்த செய்தி. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளை அறிவித்து, வழிகாட்டிகளாக மலைவாழ் மக்களையும் காடோர ஊர்களின் இளைஞர்களையும் அமர்த்தியது. ஓசை கேட்டு வரும் கானவரை இப்போது முன்பதிவு செய்துகொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். கேலி கிடக்கட்டும்; வழி தெரிந்தவருக்கு அவ்வறிவின்பொருட்டுக் கூலி கிடைப்பதைச் சங்கப் பாட்டில்கூட நாம் காணவில்லை.

பாட்டின் இறுதிப் பகுதியை மீண்டும் படித்தபோது நாம் நின்ற இடம் நன்னனின் வாயில். மலையில் பிடித்த ஆமான் கன்றும் கரடிக் குட்டியும் யானைக் கன்றும் அங்கே நிற்கின்றன. பலாப்பழம், கிழங்கு, தந்தம், தேன், பசுமிளகுக் கொத்து எல்லாம் குவிந்து கிடக்கின்றன. உரையாசிரியர்கள் இதனை நன்னனின் வளம் என்று பாராட்டிச் செல்கிறார்கள். கூத்தன் மெல்ல மெல்ல ஏறி இறங்கிய அதே வழியில்தான் இவையும் இறங்கியிருக்க வேண்டும், யாருடைய தோளிலோ. வத்தல்மலையில் இன்று மிளகு மூட்டை சரக்கு வண்டியில் இறங்குகிறது. சாலைக்கு முந்தைய ஆண்டுகளில் மூட்டையைத் தலையில் வைத்து இறங்கியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்; எந்த வளைவில் சுமையை இறக்கி வைப்பார்கள், எந்த மாதத்தில் எந்தக் கல் வழுக்கும் என்று கேட்டால் சொல்கிறார்கள்.