சுவர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை: பாலிஎலக்ட்ரோலைட் நுண்கூடுகள்

பாலிஎலக்ட்ரோலைட் என்பது மின்னூட்டம் கொண்ட பலபடி. நேர்மின் பலபடி ஒரு படலம், எதிர்மின் பலபடி ஒரு படலம் என மாற்றி மாற்றிப் படிய வைக்கும் முறையை கெரோ டெக்கர் 1990களின் தொடக்கத்தில் தட்டையான பரப்புகளில் நிலைநாட்டினார். 1998இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கூழ்ம ஆய்வு நிறுவனத்தில் டோனாத், சுகோருகோவ், கருசோ, மோவால்ட் முதலியோர் அதை நுண்ணுருண்டைகள் மேல் செய்து பார்த்தனர். பிறகு உள்ளிருந்த உருண்டையைக் கரைத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கூடு மட்டும். விட்டம் சில மைக்ரான். சுவரின் தடிமன் சில பத்து நானோமீட்டருக்குள்.

வேலை எளிது, ஆனால் அலுப்பூட்டும். ஒவ்வொரு படலத்துக்குப் பின்னும் மையவிலக்கியில் சுழற்றிக் கழுவ வேண்டும். ஒட்டாத பலபடி மிஞ்சினால் அடுத்ததோடு சேர்ந்து திரண்டுவிடும். முதலில் அச்சாகப் பயன்பட்ட மெலமைன் ஃபார்மால்டிஹைடு அமிலத்தில் கரைந்தாலும் அதன் துணுக்குகள் சுவரில் தங்கிப் பல அளவீடுகளைக் குழப்பின. பின்னர் நுண்துளை கொண்ட கால்சியம் கார்பனேட் வந்தது. கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலிலேயே அது மென்மையாகக் கரையும். புரதத்தை முன்கூட்டியே துளைகளில் ஏற்றிக்கொள்ளவும் முடியும்.

பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட், பாலிஅல்லைலமைன் ஆகிய இரண்டாலான கூடுதான் அதிகம் ஆராயப்பட்டது. சிறு அயனிகளும் சாய மூலக்கூறுகளும் அதன் சுவர் வழியே போய்வரும். டெக்ஸ்ட்ரான் போன்ற பெரிய பலபடி மூலக்கூறு புகாது. ஆனால் பிஎச் மதிப்பை 6க்குக் கீழே இறக்கினால் புகும். அமீன்களின் மின்னூட்டம் கூடி ஒன்றையொன்று விலக்குவதால் துளைகள் திறக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 8க்கு மேல் ஏற்றினால் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே போனது சிறைப்படும். நீரோடு எத்தனால் கலந்தும் இப்படித் திறந்து மூடலாம். யூரியேஸ் நொதியை அவ்வாறுதான் அடைத்தார்கள்.

வெளிநீரில் பெரிய பலபடியைக் கரைத்தால் சவ்வூடு அழுத்தம் கூட்டிலிருந்து நீரை இழுக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் கூடு காற்றிறங்கிய பந்துபோல் சட்டென்று குழிந்துபோகும். அந்த எல்லை, தடிமனை ஆரத்தால் வகுத்துவரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுவர் இரட்டித்தால் நான்கு மடங்கு தாங்கும். இப்படிக் கணித்த விறைப்பு சில நூறு மெகாபாஸ்கல். அணுவிசை நுண்ணோக்கியால் அழுத்திப் பார்த்தபோது ஒரு கிகாபாஸ்கலையும் தாண்டியது. நீரில் ஊறிய சுவருக்கு இது வியப்பான உறுதி. உப்பு சேர்த்தால் தளர்ந்துவிடும்.

இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்தது சூட்டுச் சோதனை. பாலிஅல்லைலமைனுக்குப் பதில் பிடாட்மாக் என்ற வன்மையான நேர்மின் பலபடியை வைத்து, நேர்மின்னில் தொடங்கிச் செய்த கூடுகளைத்தான் அதில் சூடாக்கினார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் படலம் இருந்தால் சூட்டில் வீங்குகின்றன, இரட்டைப்படையில் சுருங்குகின்றன. கடைசிப் படலம் நேர்மின்னாக இருந்தால் சுவரில் மின்னூட்டம் மிகையாகி விலக்கம் வெல்கிறது. ஈடுசெய்யப்பட்டிருந்தால் நீரை வெறுக்கும் பகுதிகள் நெருங்கிக்கொள்கின்றன. ஒரே ஒரு படலம் கூட்டின் போக்கையே புரட்டிவிடுகிறது.

மருந்தைச் சுமக்கும் கூடு என்ற வாக்குறுதிதான் இத்துறைக்குப் பெயர் தேடித் தந்தது. உடலுக்கு ஒவ்வாத பலபடிகளை விட்டு, செல்லுக்குள் நொதிகளால் சிதையும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட், பாலிஆர்ஜினின் இணைக்கு ஆய்வாளர்கள் நகர்ந்தார்கள். சுவரில் தங்கத் துகள் பதித்து லேசர் ஒளியால் திறந்தார்கள். ஆனாலும் மருந்தகத்தைவிட ஆய்வகத்துக்கே இவை அதிகம் பயன்பட்டிருக்கின்றன என்பது என் கணிப்பு. கூட்டின் குணம் பலபடியில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள நீரிலும் இருக்கிறது. ஆகவே இக்கூடுகளைப் பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தாலும், அளவெடுத்த கரைசலின் பிஎச், உப்பு, வெப்பநிலை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.